ஒரு சுவரை எடுத்த கணக்கு: பொறியாளருக்குக் கொடுத்ததும் கொடுக்காமல் மிச்சம் பிடித்ததும்

இந்தக் குறிப்பில் பெயர்கள் இல்லை. தொகையும் இல்லை. வீட்டுச் சீரமைப்புக்காக முதலில் ஒதுக்கிய மொத்தப் பணத்தை 100 பங்கு என்று வைத்துக்கொண்டு, எல்லாச் செலவையும் அந்தப் பங்கிலேயே சொல்கிறேன். கணக்கு நோட்டு எழுதியவன் நான். இதில் நடந்த ஒரு தவறில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பின்னணி

வீடு என் அத்தை மகனுடையது. கீழ்த்தளமும் ஒரு மாடியும் கொண்ட, ஏறக்குறைய 30 வயதான செங்கல் கட்டடம். தூண்கள் கிடையாது, சுவர்களே தளத்தைத் தாங்குகிற பழைய முறை. வீடு கட்டியபோது போட்ட வரைபடம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

அத்தைக்கு முழங்கால் வலி. மாடி ஏற முடியாது என்று ஆனதும், கீழேயே அவருக்கு வசதி செய்து கொடுக்கத் திட்டமிட்டார்கள். கீழ்த்தளக் குளியலறையை ஒட்டிய நாலரை அங்குலச் சுவரை எடுத்து அறையைப் பெரிதாக்க வேண்டும். அதோடு, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருக்கும் ஒன்பது அங்குலச் சுவரையும் எடுத்துவிட்டால், சமைத்துக்கொண்டே அத்தையைக் கண்ணில் வைத்துக்கொள்ளலாம் என்பது அக்காவின், அதாவது அத்தான் மனைவியின், யோசனை. தரை, வர்ணம், குழாய் வேலைகள் எல்லாம் இதைச் சுற்றி வந்தவைதான்.

நான் உள்ளலங்கார வேலைகளை மேற்பார்வை செய்பவன். அலமாரி, ஃபால்ஸ் சீலிங், வர்ணம் தெரியும். சுவரை இடிப்பது என் துறை இல்லை.

மேஸ்திரியின் மதிப்பீடு

முதலில் வந்தது மேஸ்திரிதான். கூடத்துச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதுக்கு ஒரு காங்கிரீட் பீம் போட்டா போதும். குளியலறைச் சுவருக்கும் பாதுகாப்புக்கு ஒண்ணு போட்டுடலாம்" என்றார். கூடத்துச் சுவருக்கு 8 பங்கு, குளியலறைச் சுவருக்கு 5 பங்கு, ஆக 13.

பீம் எவ்வளவு ஆழம், எத்தனை கம்பி என்று அத்தான் கேட்டதற்கு, வழக்கமாகப் போடுகிற அளவுதான் என்று பதில் வந்தது. அனுபவசாலிதான். அவர் கட்டிய வீடுகள் நன்றாகவே நிற்கின்றன. ஆனால் புதிதாகக் கட்டுவது ஒன்று, 30 வருடமாகச் சுமை தாங்கி நிற்கும் சுவரை அடியிலிருந்து உருவுவது வேறு. கூடத்துச் சுவருக்கு நேர் மேலே, மாடியில், படுக்கையறைச் சுவர் இருந்தது. அதை மேஸ்திரி போய்ப் பார்க்கவில்லை. அத்தானுக்கு உறுத்தியது அதுதான். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கேட்கலாம் என்று முடிவானது.

மூன்று கொட்டேஷன்கள்

மூன்று பேரிடம் கேட்டோம். வந்த மூன்றும் மூன்று விதம்.

முதலாமவர் 1 பங்கு கேட்டார். படமெடுத்து அனுப்பினால் போதும், பீம் அளவு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார். நேரில் வரமாட்டார்.

இரண்டாமவர் 4 பங்கு. நேரில் வந்து பார்ப்பது, தேவையான இடத்தில் பூச்சை உடைத்துப் பார்ப்பது, கணக்கு, வரைபடம், வேலை நடக்கும்போது இரண்டு முறை வந்து சோதிப்பது என எல்லாம் சேர்த்து. அதற்கு மேல் ஒவ்வொரு வருகைக்கும் தனிக் கட்டணம்.

மூன்றாமவர் மொத்த வேலையில் 8 சதவீதம் என்றார். எங்கள் கணக்கில் அது 8 பங்கு. சதவீதக் கணக்கு பெரிய கட்டடங்களுக்குப் பொருந்தலாம். இங்கே மொத்தச் செலவில் பாதிக்கு மேல் டைல்ஸ், குழாய், வர்ணம். விலை உயர்ந்த டைல்ஸ் வாங்கினால் பீம் கணக்குப் போடுகிறவருக்கு ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி.

பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறவரை விட்டுவிட்டோம். தளத்தின் கம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது புகைப்படத்தில் தெரியாது. இரண்டாமவரையே வைத்துக்கொள்ளலாம் என்றதும் அத்தான் பேரம் பேசினார். 4 பங்கில் அந்த இரண்டு சோதனை வருகைகளுக்கு மட்டும் 1 பங்கு. "கூடவே நான் இருக்கிறேனே அத்தான், தினமும் வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னது நான். வருகைகளை எடுத்துவிட்டு 3 பங்குக்கு ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளும்போது, முட்டு, அதாவது தளத்துக்குத் தற்காலிகத் தாங்கல், கொடுக்கும் நாளும் அதை எடுக்கும் நாளும் தன்னை அழைப்பது நல்லது என்று சொன்னார். தலையாட்டினோம்.

வீட்டைப் பார்த்த நாள்

வந்தவர் நாங்கள் காட்டிய சுவரைப் பார்க்கவில்லை. நேராக மொட்டைமாடிக்குப் போனார். அங்கே, அந்தச் சுவர் வரிசைக்கு மேலாக, 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருந்தது. நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 1 டன். நாங்கள் யாரும் அதை இந்தச் சுவரோடு சேர்த்து யோசித்ததே இல்லை. மேலிருந்து கீழாக ஒவ்வொரு தளத்திலும் சுவர் எங்கே இருக்கிறது, எங்கே விலகுகிறது என்று அளந்துகொண்டே இறங்கினார்.

கீழே வந்து, கம்பி ஓடும் இடத்தைக் காட்டும் கருவியைத் தளத்தின் அடியில் வைத்துப் பார்த்தார். அது காட்டியது சரியா என்று உறுதி செய்ய இரண்டு இடத்தில் பூச்சை உடைக்கச் சொன்னார். சுவர் ஓரத்தில் ஒரு குழி தோண்டி அஸ்திவாரத்தையும் பார்த்தார். இதற்கு ஆள் கூலியும், பிறகு பூசி மூடியதும் சேர்த்து அரைப் பங்கு ஆனது. இரண்டாமவர் உடைத்துப் பார்ப்பதாகச் சொன்னாரே தவிர, இந்த ஆள் கூலியும் பூச்சும் மூன்று கொட்டேஷனிலும் ஒரு வரியாகக்கூட இல்லை.

குளியலறைச் சுவர் விஷயம் சீக்கிரம் முடிந்தது. தளத்தின் முக்கியக் கம்பிகள் அந்தச் சுவருக்கு இணையாக ஓடின. அதாவது தளம் தன் எடையை அந்தச் சுவரில் இறக்கவில்லை. சுவரின் அடியில் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தால் பழைய தரை சுவருக்கு அடியிலும் தொடர்ந்தது. தரை போட்ட பிறகு எழுப்பிய வெறும் தடுப்புச் சுவர். பீம் வேண்டாம், இடித்துக்கொள்ளலாம் என்றார். மேஸ்திரியின் 5 பங்கு அந்த நிமிடமே 1 பங்காகக் குறைந்தது.

சுவர் ஒல்லியாக இருந்தால் சுமை தாங்காது என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்ட வேண்டாம். நாலரை அங்குலச் சுவர் தளத்தைத் தாங்கி நிற்கும் வீடுகள் உண்டு. கம்பியின் திசையும் மேலே என்ன உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரியாமல் தடிமனை வைத்துச் சொல்ல முடியாது.

கணக்கு சொன்னது

கூடத்துச் சுவர் கதை வேறு. அவர் போட்டுக் காட்டிய கணக்கைப் பள்ளிக்கூடப் பாடம் போல எனக்கு விளக்கினார். ஐந்து அங்குலத் தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 கிலோ. மேலே போட்ட தரை ஒரு 100 கிலோ. ஆட்கள், கட்டில், பீரோ என்று மாறிக்கொண்டிருக்கும் சுமைக்கு 200 கிலோ. இரண்டு பக்கத் தளமும் பாதிப் பாதியாக இந்தச் சுவரில் இறங்குகின்றன. அப்புறம் மொட்டைமாடித் தளமும் அதே போல. நடுவில் மாடிச் சுவர், ஒரு மீட்டர் ஓட்டத்துக்கு 1.4 டன். எல்லாம் கூட்டினால் ஒரு மீட்டருக்கு ஐந்தரை டன்னுக்குக் கொஞ்சம் மேல். 3.6 மீட்டர் திறப்புக்கு 20 டன்.

சுவர் இருக்கும்போது இந்த 20 டன்னும் நீளம் முழுக்கப் பரவி அஸ்திவாரத்துக்குப் போகிறது. சுவரை எடுத்துப் பீம் போட்டால், இரண்டு முனையில் ஆளுக்கு 10 டன்னாக வந்து குத்துகிறது. பீம் உடையுமா என்ற கவலை நமக்கு. அவருக்கோ பீமை விட அது உட்காரும் இடத்தில் செங்கல் நசுங்குமா என்ற கவலைதான் பெரிதாக இருந்தது. மேஸ்திரியின் மதிப்பீட்டில் முனைகளைப் பற்றி எதுவும் இல்லை.

எடுத்த முடிவுகள்

அக்கா 4.5 மீட்டர் முழு நீளமும் திறக்க விரும்பினார். பொறியாளர் இரு ஓரமும் 450 மி.மீ. சுவரை விட்டு, 3.6 மீட்டர் மட்டும் திறக்கச் சொன்னார். அதே பீமுக்கு நீளம் கால் பங்கு கூடினால், வளைக்கும் விசை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகும். பீம் தொய்வது ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆகும். தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால் வரும் வினை. "சார், அந்த ரெண்டு துண்டுச் சுவர் அசிங்கமா இருக்காதா?" என்று அக்கா கேட்டார். அசிங்கமா இல்லையா என்று தனக்குச் சொல்லத் தெரியாது, முழுசாகத் திறந்தால் பீம் ஆழமாகித் தலைக்கு மேல் இறங்கும் என்று மட்டும் தெரியும் என்றார் அவர். துண்டுச் சுவர்கள் இருக்கட்டும் என்று அக்கா ஒப்புக்கொண்டார். இப்போது அதில் மசாலா டப்பா அலமாரி இருக்கிறது.

பீம் காங்கிரீட்டா இரும்பா என்று பேசினோம். காங்கிரீட் வார்த்தால் அது வலுவேறும் வரை, வாரக்கணக்கில், வீடு முட்டின் மேல் நிற்க வேண்டும். அத்தை அந்த வீட்டிலேயே இருக்கிறார். அதனால் 250 மி.மீ. உயரமுள்ள ஐ வடிவ இரும்பு உத்தரம் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்து போல்ட் போட்டு இணைப்பது என்று முடிவானது. முனைகளில், உத்தரம் உட்காரும் இடத்தில் செங்கல் நசுங்காமல் சுமையைப் பரப்பும் காங்கிரீட் கட்டை, அதாவது பெட் பிளாக். தொட்டியை வெளிச்சுவர்கள் சேரும் மூலைக்கு மாற்றுவது.

இந்த வடிவத்தில் கூடத்துச் சுவர் வேலை 8 பங்கிலிருந்து 13 ஆனது. தொட்டி மாற்ற அரைப் பங்கு. பொறியாளரை வைத்தால் இரும்பும் காங்கிரீட்டும் மிச்சமாகி அவர் கட்டணம் தானாக வந்துவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. ஒரு சுவரில் எங்களுக்கு 4 பங்கு மிஞ்சியது உண்மை. இன்னொரு சுவரில் 5 கூடியதும் உண்மை. மேஸ்திரி சொன்ன 8 பங்கு, செய்யவேண்டிய வேலையின் விலையே இல்லை. அதைக் கீழே வைத்து ஒப்பிடுவதுதான் பிழை.

வேலை நடந்த விதம்

தொடக்கம் ஒழுங்காகத்தான் நடந்தது. தளத்துக்குக் கீழே இரண்டு வரிசைச் செங்கல் விட்டு, சுவரில் துளை போட்டு, குறுக்கே இரும்புத் துண்டுகளைச் செருகி, இரு பக்கமும் ஜாக்கி முட்டு கொடுத்தார்கள். முட்டுகளின் அடியில் பலகை. பெட் பிளாக் வார்த்துக் காயவிட்டு, சுவரை எடுத்து, உத்தரங்களை ஏற்றினார்கள்.

அடுத்து, உத்தரத்தின் முதுகுக்கும் மேலே விட்டிருந்த செங்கல் வரிசைக்கும் இடையே ஏறக்குறைய 30 மி.மீ. சந்து. சுருங்காத கிரவுட் என்ற நிரப்புக் கலவை கொண்டு இதை இறுக்கி நிரப்ப வேண்டும், ஏழு நாள் கழித்துத்தான் முட்டை எடுக்க வேண்டும் என்று வரைபடத்தின் மூலையில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. மேஸ்திரி படத்தில் அளவுகளைப் பார்ப்பவர். மூலைக் குறிப்பைப் படிப்பவர் இல்லை. சாதாரண சிமெண்ட் கலவையைத் திணித்து மூடினார். மூன்றாம் நாள் டைல்ஸ் ஆட்கள் வந்து இடம் கேட்டார்கள். முட்டைக் கழற்றினார்கள்.

நான் அங்கேதான் இருந்தேன். அந்தக் குறிப்பை வரைபடம் வந்த அன்றே படித்தவன் நான். கலவையைப் பார்த்தபோது அது வேறு, இது வேறு என்று எனக்கு உறைக்கவில்லை. முட்டு எடுக்கும்போது ஏழு நாள் என்பது நினைவுக்கு வந்தது. டைல்ஸ் ஆட்களைத் திருப்பி அனுப்பினால் அடுத்து எப்போது வருவார்களோ என்ற கணக்கும் கூடவே வந்தது. பேசாமல் இருந்துவிட்டேன். பொறியாளரை அழைக்கவும் இல்லை.

கதவு உரசிய நாள்

பன்னிரண்டு நாள் கழித்து, மாடிப் படுக்கையறைக் கதவு மேல் சட்டத்தில் உரசுகிறது என்று அக்கா சொன்னார். மரம் உப்பியிருக்கும் என்றேன். இரண்டு நாளில் கதவின் மேல் மூலையிலிருந்து படிக்கட்டுப் போல, செங்கல் இணைப்புகளின் வழியே, ஒரு விரிசல் ஏறியது. அகலம் 2 மி.மீ. இது பூச்சு வெடித்ததில்லை என்று அப்போது எனக்கே தெரிந்தது.

பொறியாளர் மறுநாளே வந்தார். முதலில் கீழே முட்டைத் திரும்பக் கொடுக்க வைத்தார். பிறகு விரிசலின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினார், குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒட்டினார். சுவர் இன்னும் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உத்தரத்தின் மேல் பூச்சை எடுத்துப் பார்த்தபோது, காய்ந்து சுருங்கிய கலவைக்கும் செங்கலுக்கும் நடுவே பல இடங்களில் தகடு நுழையும் அளவுக்கு இடைவெளி. கலவை வலுவேறுவதற்கு முன்பே சுமை வந்ததால் சில இடங்களில் நொறுங்கியும் இருந்தது. உத்தரத்தில் குறையில்லை. சுமை ஏறும்போது அது ஏறக்குறைய 6 மி.மீ. தொய்யும் என்பது முன்பே கணக்கில் இருந்ததுதான். சுவர் அதோடு இந்த இடைவெளியின் அளவும் சேர்ந்து இறங்கியிருக்கிறது.

சரி செய்தது இப்படி: பழைய கலவை முழுவதையும் சுரண்டி எடுத்து, உத்தரத்தின் மேல் சிறு இடைவெளிகளில் இரும்பு ஆப்புகளை ஜோடி ஜோடியாக அடித்துச் சுமையை உத்தரத்துக்கு மாற்றினார்கள். மீதி இடத்தைச் சுருங்காத கிரவுட் கொண்டு நிரப்பி, ஏழு நாள் முழுதாகக் காத்திருந்தார்கள். முட்டை ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். இந்த முறை பொறியாளர் நின்று பார்த்தார். அதுவரை டைல்ஸ் வேலை நின்றது. புதிதாக ஒட்டியிருந்த சில டைல்களை முட்டுக்காகப் பெயர்க்கவும் நேர்ந்தது.

யார் செலவு என்பதில் ஒரு மாலை முழுக்கப் பேச்சு நடந்தது. படத்தில் பெரிதாக எழுதியிருந்தால் செய்திருப்பேன் என்றார் மேஸ்திரி. அதில் கொஞ்சம் நியாயம் இருப்பதாகப் பொறியாளரும் ஒப்புக்கொண்டார். நேரில் வந்து சொல்வதை வைத்தே அந்தக் குறிப்பைச் சுருக்கமாக எழுதும் பழக்கம் தனக்கு, வருகைகள் இல்லை என்றானபோது அதை மாற்றியிருக்க வேண்டும் என்றார். மேஸ்திரி தன் கூலியை விட்டுக்கொடுத்தார். பொருள், டைல்ஸ், பூச்சு, வர்ணம் எல்லாம் அத்தான் தலையில்.

கணக்கை முடித்தபோது

பொறியாளர் கட்டணம் 3. உடைத்துப் பார்த்தது அரை. கூடத்துச் சுவர் 13. குளியலறைச் சுவர் 1. தொட்டி அரை. பிறகு பொறியாளரின் அவசர வருகைகளுக்கும் அறிக்கைக்கும் ஒன்றேகால், பழுது பார்த்ததற்கு நாலரை. ஆக 23.75 பங்கு.

முதலில் கேட்ட 4 பங்கையும் கொடுத்து, வேலை ஒழுங்காக நடந்திருந்தால் 19 பங்கில் முடிந்திருக்கும். 1 பங்கு மிச்சம் பிடிக்கப் போய், அதையும் தாண்டி 4.75 பங்கு கூடுதலாகப் போனது. மேஸ்திரி தன் கூலியையும் கேட்டிருந்தால் இன்னும் ஏறியிருக்கும். ஒன்பது நாள் வேலை நின்றதையும், அத்தையை அந்த நாட்களில் உறவினர் வீட்டில் வைத்திருந்ததையும் நான் பங்கில் சேர்க்கவில்லை.

மாற்றிச் செய்வதென்றால்

மேஸ்திரியிடம் விலை கேட்பதற்கு முன் பொறியாளரை அழைத்திருப்போம். அவர் வரைபடத்தை வைத்து மேஸ்திரி விலை சொல்லியிருந்தால் 8 என்று தொடங்கி 13 என்று முடிந்த அந்த அதிர்ச்சி இருந்திருக்காது. இரண்டாமவரின் கட்டணம் அதிகம் என்று எங்களுக்குத் தோன்றியதே அந்த 8 பங்கை மனதில் வைத்துக்கொண்டதால்தான்.

கட்டணத்தை மொத்தமாகக் கேட்காமல் பிரித்துக் கேட்டிருப்போம்: பார்வையிட எவ்வளவு, கணக்குக்கு எவ்வளவு, படத்துக்கு எவ்வளவு, ஒவ்வொரு வருகைக்கும் எவ்வளவு, உடைத்துப் பார்க்கும் செலவு யாருடையது, நடுவில் திட்டம் மாறினால் திரும்பக் கணக்குப் போட என்ன கேட்பார். பேரம் பேசித்தான் ஆக வேண்டும் என்றால், கைவைக்கக் கூடாத இடம் வருகைகள்தான். எங்களுக்கு மூன்று முறை தேவைப்பட்டிருக்கும். முட்டு கொடுத்த பின், சுவரில் கைவைப்பதற்கு முன் ஒரு முறை. உத்தரம் உட்கார்ந்த பின், மேல் சந்தை நிரப்பும்போது ஒரு முறை. முட்டை எடுப்பதற்கு முன் ஒரு முறை. பூச்சு பூசிவிட்டால் இவற்றில் எதையும் பிறகு பார்க்க முடியாது. அவர் கொடுத்ததில் இரண்டு இருந்தது, மூன்றாவதைக் காசு கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

வரைபடம் வந்த அன்று பொறியாளரையும் மேஸ்திரியையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, குறிப்புகளைச் சத்தமாகப் படிக்க வைத்திருப்பேன். அரை மணி நேர வேலை.

மாற்றமாட்டோம் என்று சொல்லக்கூடியவையும் உண்டு. பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவரை விட்டது, முழு நீளமும் திறக்காமல் விட்டது, தொட்டியை மாற்றியது. அதே மேஸ்திரியை வைத்துக்கொண்டே பழுது பார்த்ததும் சரி என்றே நினைக்கிறேன். வெளியாளை அழைத்திருந்தால் இன்னும் பத்து நாள் போயிருக்கும், பழி யாருடையது என்ற சண்டையும் தீர்ந்திருக்காது.

இப்போதைய நிலை

பழுது பார்த்து ஆறு மாதம் ஆகிறது. கண்ணாடித் துண்டு உடையவில்லை, பென்சில் கோட்டைத் தாண்டி விரிசல் நகரவில்லை. கதவின் மேல் விளிம்பை இழைத்துச் சரி செய்தாயிற்று. ஒரு வருடம் முடியும் வரை அந்த இடத்தில் வர்ணம் பூச வேண்டாம் என்று பொறியாளர் சொல்லியிருப்பதால், மாடியில் ஒரு சுவர் மட்டும் வெறும் பூச்சோடு நிற்கிறது. கணக்குத் தாள்களும் திருத்திய வரைபடமும் பத்திரத்தோடு ஒரே உறையில் இருக்கின்றன. மூலைக் குறிப்பு இந்தத் தடவை பெரிய எழுத்தில், நடுவில்.